சாக்கடல் உப்புக் குளியல்: மூட்டு வலிக்கும் சொரியாசிஸுக்கும் உண்மையிலேயே உதவுமா?

வைகைக்கரை

வணக்கம். வீட்டில் இரண்டு பேருக்காகக் கேட்கிறேன். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், சர்க்கரையும் உண்டு. அண்ணனுக்குப் பல வருடமாக சொரியாசிஸ். முழங்கை, முதுகு என்று இருந்த செதில் திட்டு இப்போது உள்ளங்கால் வரை வந்துவிட்டது.

துபாயிலிருந்து வந்த சித்தப்பா சாக்கடல் (ஜோர்தானுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே இருக்கும் Dead Sea) உப்பு என்று சில பாக்கெட்டுகளைக் கொடுத்து, "வெள்ளைக்காரன் இதுக்காகவே பிளேன் ஏறிப் போறான். தண்ணியில கலந்து குளிங்க, மூட்டும் தோலும் சேர்ந்தே சரியாகும்" என்றார். பாக்கெட்டில் "குளியல் தொட்டியில் ஒரு கைப்பிடி" என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் தொட்டி ஏது? வாளியும் மக்கும்தான். வாளித் தண்ணீரில் போட்டு ஊற்றிக்கொண்டால் போதுமா? கல்லுப்பு, இந்துப்பு, எப்சம் உப்பு எல்லாம் அதே வேலையைச் செய்யுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விற்பனை லிங்க் போட வேண்டாம், ப்ளீஸ்.

கரிசல்காட்டான்

எங்கள் ஊர் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வாளி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படியும். உப்புத் தண்ணீரில் குளித்து மூட்டு சரியாகும் என்றால் எங்கள் தாலுகாவில் ஒருத்தர்கூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. காலையிலேயே வம்பு, மன்னிக்கவும். தெரிந்தவர்கள் வாருங்கள்.

உப்பளத்தான்

கரிசல் அண்ணன் கேலி செய்தாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. எல்லா உப்பும் ஒரே உப்பு இல்லை.

நான் தூத்துக்குடிப் பக்கம், குடும்பத் தொழிலே உப்பளம். பாத்தியில் கடல் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், அப்புறம் சாப்பாட்டு உப்பு இறங்கும். அதை வாரிய பிறகும் ஒரு தண்ணீர் மிஞ்சும். கையில் எடுத்தால் எண்ணெய் போல வழுக்கும், நாக்கில் வைத்தால் கசக்கும். மெக்னீசியம் பெரும்பாலும் அந்தத் தண்ணீரில்தான் தங்குகிறது. சாக்கடல் ஏறக்குறைய அந்த மாதிரித் தண்ணீர் நிறைந்த ஒரு ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கடலில் கரைந்திருக்கும் உப்பு சுமார் 3.5 சதவீதம், அங்கே சுமார் 34. அதைவிட முக்கியம் கலவை. நம் கடல் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் சோடியம் குளோரைடு. சாக்கடல் உப்பில் பாதியளவு மெக்னீசியம் குளோரைடு, சோடியம் குளோரைடு மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மிச்சம் கால்சியம், பொட்டாசியம் குளோரைடுகள், கொஞ்சம் புரோமைடு.

இந்துப்பு பாகிஸ்தான் பஞ்சாபில் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டி எடுப்பது. அந்த இளஞ்சிவப்பு இரும்பால் வருவது, மற்றபடி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சாப்பாட்டு உப்பேதான். எப்சம் உப்பு வேறு சரக்கு, மெக்னீசியம் சல்ஃபேட். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றிலிருந்து கிடைத்தது. நெகமையா குரூ என்பவர் 1695இல் அதைப் பற்றி எழுதினார். நம் வீடுகளில் அதை வெந்நீரில் கலக்கிக் குடித்து வயிற்றைக் கழுவிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது.

வைகைக்கரை, உங்கள் பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து மழையில்லாத நாளில் தட்டில் திறந்து வையுங்கள். மெக்னீசியம் குளோரைடு நிறைய இருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்து நசநசவென்று ஆகிவிடும். மொறுமொறுவென்று அப்படியே இருந்தால் பெரும்பாலும் சாயமும் வாசனையும் போட்ட சாப்பாட்டு உப்பு.

அம்மான்வாசி

ஜோர்தானில் வேலை. அம்மானிலிருந்து சாக்கடல் ஒரு மணி நேர ஓட்டம். ஊரிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப் போகச் சொல்வார்கள். பூமியின் நிலப்பரப்பிலேயே தாழ்ந்த இடம், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 440 மீட்டர். தண்ணீர் வருடத்துக்கு ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கிக்கொண்டே போகிறது. கரையோர ஹோட்டல்கள் படிக்கட்டை நீட்டிக்கொண்டே இருக்கின்றன.

உள்ளே இறங்கினால் உடம்பு தானாக மேலே வந்துவிடும். அதை நம்பி விளையாடக் கூடாது. குப்புறக் கவிழ்ந்தால் திரும்பி நிமிர்வது கஷ்டம். அந்தத் தண்ணீரை நாலு வாய் விழுங்கினாலே ரத்தத்தில் கால்சியமும் மெக்னீசியமும் ஆபத்தான அளவுக்கு ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணில் பட்டால் நரகம். முந்தின நாள் ஷேவ் செய்திருந்தால் அதுவும் நரகம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறி, கரையிலேயே இருக்கும் ஷவரில் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும்.

நோயாளிகள் வருவது உண்மைதான். எதிர்க்கரையில், இஸ்ரேல் பக்கம், ஐன் பொகெக் என்ற இடத்தில் அதற்கென்றே சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. வாரக்கணக்கில் தங்குவார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர்கள் தண்ணீரில் கிடப்பதைவிட வெயிலில் கிடக்கும் நேரம்தான் அதிகம்.

கொசுறு: பைபிளில் வரும் ஏரோது மன்னன் கடைசிக் காலத்தில் நோய் தீர இந்தப் பக்கம் கல்லிரோயே வெந்நீர் ஊற்றுக்கு வந்து குளித்ததாக பழங்கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். குணமாகவில்லை, கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார்.

மூலிகைமணி

ராஜாவுக்கு விதி முடிந்திருக்கும், தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். காளாஞ்சகப்படைக்கும் (சொரியாசிஸுக்கு சித்த வைத்தியப் பெயர்) வாதத்துக்கும் குளியலும் வேதும் நம் வைத்தியத்திலேயே உண்டு. மெக்னீசியம் தோல் வழியாக உள்ளே போய் மூட்டு வீக்கத்தைக் குறைக்கிறது, உப்பு உடம்பிலுள்ள கழிவை வெளியே இழுக்கிறது. வாரம் இரண்டு முறை வாளியில் இரண்டு கைப்பிடி போட்டுக் குளித்தாலே வித்தியாசம் தெரியும். இங்கிலீஷ் மருந்து வாழ்நாள் முழுக்க அல்லவா சாப்பிடச் சொல்கிறார்கள்?

தோல்டாக்டர் நிலா

மூலிகைமணி ஐயா, வேதும் ஒத்தடமும் இதம் தரும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு காரணங்களும் நிற்காது. நம் தோலின் மேலடுக்கு தண்ணீரையும் உப்பையும் வெளியே நிறுத்துவதற்கென்றே அமைந்தது. குளியலால் மெக்னீசியம் ரத்தத்தில் போதுமான அளவு ஏறுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கழிவை வெளியேற்றுவது சிறுநீரகமும் கல்லீரலும்.

அதற்காகச் சாக்கடல் சிகிச்சையே பொய் என்று சொல்ல மாட்டேன். சொரியாசிஸுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. எது வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. 1996இல் வந்த ஒரு இஸ்ரேலிய ஆய்வில் நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். கடலில் மட்டும் குளித்தவர்களுக்கு நோயின் தீவிர மதிப்பெண் சுமார் 28 சதவீதம் குறைந்தது. வெயில் மட்டும் காய்ந்தவர்களுக்கு சுமார் 73. இரண்டும் செய்தவர்களுக்கு சுமார் 83. அம்மான்வாசி கரையில் பார்த்ததும் இதுதான். வேலையில் பெரும்பகுதியைச் செய்வது சூரியன். அந்தப் பள்ளத்தில் தலைக்கு மேல் கூடுதலாக 400 மீட்டர் காற்று, எப்போதும் ஆவியும் மூட்டமும். தோலைச் சுட்டுவிடும் குறுகிய அலைநீளப் புற ஊதாக் கதிர்கள் கணிசமாக வடிகட்டப்படுவதால் நீண்ட நேரம் வெயிலில் இருக்க முடிகிறது. உப்புத் தண்ணீர் செதிலை இளக்கி எடுப்பதால் கதிர் உள்ளே நன்றாக இறங்குகிறது. அப்புறம் வாரக்கணக்கில் வேலையும் கவலையும் இல்லாத ஓய்வு. எந்தப் பாக்கெட்டிலும் வராத சரக்கு அது. திரும்பிப் போன சில மாதங்களில் பலருக்குத் திட்டுகள் மறுபடி வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உப்புக்கென்று தனிப் பலன் இருப்பது வறண்ட தோலில். ஜெர்மனியில் கீல் நகரத்தில் செய்து 2005இல் வெளியான ஆய்வில், கரப்பான் வாகுள்ள வறண்ட தோல்காரர்களை ஒரு கையை 5 சதவீத சாக்கடல் உப்புக் கரைசலிலும் மறு கையைக் குழாய்த் தண்ணீரிலும் 15 நிமிடம் வைக்கச் சொன்னார்கள். உப்பில் இருந்த கையில் ஈரப்பசை கூடியது, சிவப்பும் சொரசொரப்பும் குறைந்தன. அந்த 5 சதவீதத்தையும் 15 நிமிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், வாளிக் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

கரிசல்காட்டான்

வெயில்தான் மருந்து என்றால் நமக்கு அதற்கா பஞ்சம்? மொட்டை மாடியில் படுத்தால் போயிற்று.

தோல்டாக்டர் நிலா

வேண்டாம். நம் ஊர் மதிய வெயில் அப்படி வடிகட்டி வருவது இல்லை. தோல் வெந்துபோனால் வெந்த இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பும். சொரியாசிஸின் குணமே அதுதான், சொறிந்தாலும் கீறினாலும் அங்கே முளைக்கும். உப்புக் கல்லை வைத்துத் தேய்க்கும் "ஸ்க்ரப்" பழக்கத்தையும் அதனால்தான் வேண்டாம் என்கிறேன். சிலருக்கு வெயில் பட்டாலே நோய் கூடும். அளந்து கொடுக்கத்தான் 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளிச் சிகிச்சைப் பெட்டி இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவில் விசாரித்துப் பாருங்கள்.

ரைன்நதி

நான் ஜெர்மனியில இருக்கிறன், பிறந்தது யாழ்ப்பாணம். இங்கே நிலா டாக்டர் சொல்லுற ரெண்டையும் ஒன்றாகச் சேர்த்தே செய்யினம். உப்புக் கரைசல் நிரப்பின தொட்டியில ஆளைக் கிடத்தி, மேலே இருந்து புற ஊதா விளக்கு. சாக்கடலை ஒரு அறைக்குள்ள கொண்டுவந்த மாதிரி. சொரியாசிஸுக்கு 2008இல இருந்தும், கரப்பானுக்கு 2020இல இருந்தும் அரச மருத்துவக் காப்புறுதி அதை ஏற்றிருக்கு. என்ர மனிசிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்துப் போய் வந்தவ. நல்ல சுகம் கிடைச்சது, ஆனால் கிழமைக்குப் பல தடவை, மாதக் கணக்கில ஓட வேணும். வேலைக்குப் போற ஆக்களுக்கு அது லேசில்லை.

மூட்டு வருத்தத்துக்கும் இஞ்சை உப்பு ஊற்று ஊர்களுக்கு அனுப்புற வழக்கம் இருக்கு. அங்கே போனால் சும்மா ஊறப்போட்டு விடமாட்டினம். தண்ணிக்குள்ள உடற்பயிற்சி, மசாஜ், சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை.

தோல்டாக்டர் நிலா

ரைன்நதி சொன்னதைப் பற்றி 2020இல் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு ஒன்று வந்தது. உப்புத் தொட்டியோடு ஒளிச் சிகிச்சை கொடுத்தால் ஒளி மட்டும் கொடுப்பதைவிடக் கூடுதல் பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரத்தின் உறுதி குறைவு என்பது அதன் முடிவு. எனக்கும் அதே எண்ணம்தான். கூடுதல் உதவி, ஆனால் அடிப்படை ஒளி.

வைகைக்கரை

கணக்குப் போட்டுப் பார்த்துத் தலை சுற்றுகிறது. 5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 50 கிராம். 150 லிட்டர் தொட்டிக்கு ஏழரைக் கிலோ! பாக்கெட்டில் ஒரு கைப்பிடி என்று போட்டிருப்பது எந்தக் கணக்கு? வாளியில் கலந்து மக்கால் ஊற்றினால் தண்ணீர் உடம்பில் நிற்பதே சில நொடிதான். அப்படியானால் முழுக் குளியலை விட்டுவிடுகிறோம். பிளாஸ்டிக் டப்பில் பத்து லிட்டர் தண்ணீர், அரைக் கிலோ உப்பு. அண்ணன் உள்ளங்காலுக்கு அது சரிவரும் இல்லையா? அம்மாவும் அதே மாதிரி நல்ல சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொள்ளட்டுமா? சூடு இருந்தால் வலி நிற்கிறது என்கிறார்.

பிசியோ கௌரி

அம்மாவுக்கு வேண்டாம்! இதைப் படித்ததும் வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தண்ணீர் எவ்வளவு சூடு என்று காலுக்கே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பார்கள். உப்பில் ஊறி ஊறித் தோல் வறண்டு குதிகால் வெடித்தால் அதன் வழியாகக் கிருமி போகும். சர்க்கரைக்காரர்கள் காலை எந்தத் தண்ணீரிலும் ஊறப்போடக் கூடாது என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குவரை துடைத்துவிட்டால் போதும். அந்த வெதுவெதுப்பையும் வீட்டில் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வலி இருப்பது முழங்காலில். டப்பில் நனைவது கணுக்கால். முழங்காலுக்கு வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் போதும், அதையும் நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். வறுத்த கல்லுப்பை மூட்டை கட்டி ஒற்றும் நம் வழக்கத்திலும் வேலை செய்வது சூடுதான். உப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே.

தேய்மானத்துக்கு உண்மையில் பலன் தருவது தொடைத் தசையைப் பலப்படுத்துவது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, சில நொடி நிறுத்தி, மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறைக்க வேண்டும். கேட்பதற்கு சுவாரசியமே இல்லாத வைத்தியம், அதனால்தான் யாரும் பாக்கெட்டில் போட்டு விற்பதில்லை.

மூலிகைமணி

கௌரி அம்மா சொன்னது நியாயம், சர்க்கரை விஷயத்தை நான் யோசிக்காமல் விடவில்லை, ஆனால் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். முடக்கு வாதத்துக்குச் சாக்கடல் உப்பு உதவியதாக ஆய்வே இருக்கிறதே?

தோல்டாக்டர் நிலா

இருக்கிறது. இஸ்ரேலின் சுகெனிக் குழுவினர் 1990இல் வெளியிட்டது. முடக்கு வாத நோயாளிகள் 30 பேரில் ஒரு குழு சாக்கடல் உப்புக் குளியல், மறு குழு சாதாரண உப்புக் குளியல். சாக்கடல் குழுவுக்குத்தான் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் 30 பேர் என்பது சின்னக் கூட்டம், பலனும் நிரந்தரம் இல்லை. முடக்கு வாதத்துக்கான குளியல் சிகிச்சை ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2015 காக்ரேன் மதிப்பாய்வு, முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கும்போது மூட்டின் மேல் பாரம் குறைவதால் எந்தத் தண்ணீரிலும் கொஞ்சம் சுகம் இருக்கும். மூட்டு எலும்பு அரிக்கப்படுவதை அது நிறுத்தாது.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி, அம்மாவின் டப் திட்டம் ரத்து. முடக்கு வாதம் என்று படித்ததும் அண்ணனைப் பற்றி ஒன்று கேட்கத் தோன்றியது. சில மாதமாக அவருக்கு வலது கையில் இரண்டு விரல் வீங்கியே இருக்கிறது. காலையில் எழுந்ததும் மடக்க முடியவில்லை, ஒரு மணி நேரம் ஆகிறது. பைக் ஓட்டுவதால் வந்தது என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளி. இதற்கும் உப்பில் கை வைக்கலாமா என்று கேட்கிறார்.

தோல்டாக்டர் நிலா

இந்த இழையிலேயே முக்கியமான பதிவு இதுதான். சொரியாசிஸ் உள்ளவருக்கு நகத்தில் குழி, விரல் முழுசாக வீக்கம், காலையில் நெடுநேர இறுக்கம். மூன்றும் சேர்ந்தால் சொரியாசிஸ் மூட்டு அழற்சியா என்று பார்த்தே ஆக வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது வருகிறது. தோலில் திட்டு வந்து பல வருடம் கழித்து மூட்டைப் பிடிப்பதுதான் வழக்கம். முடக்கு வாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர் ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது, அதில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். தோல் திட்டு மறைந்தால் தழும்பில்லாமல் மறையும். மூட்டு எலும்பு அரித்துவிட்டால் திரும்ப வளராது.

உப்பு, ஒத்தடம், ஒளிச் சிகிச்சை எதுவும் இதை நிறுத்தாது. மூட்டு வாத நிபுணரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

பொறுமைசாலி

இவ்வளவு நேரம் வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அதே நோய்தான், தோலும் மூட்டும். விரல் வீங்கியபோது நானும் எண்ணெய், கட்டு, உப்புத் தண்ணீர் என்று ஓடினேன். ஒரு சிகிச்சை மையத்தில் உப்புத் தொட்டிப் பேக்கேஜ் என்று பணத்தை வாங்கிக்கொண்டு, "மாத்திரையை நிறுத்தினால்தான் உப்பு வேலை செய்யும்" என்றார்கள். நிறுத்தவில்லை, நல்லவேளை. இப்போது வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மூட்டு அழற்சி மருந்து, கூடவே ஃபோலிக் அமிலம், இடையிடையே ரத்தப் பரிசோதனை. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான், தினமும் இல்லை. தப்பித் தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

உப்பை நான் முழுக்க விடவில்லை. உள்ளங்காலில் செதில் தடித்துப் போனால் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர், வைகைக்கரை சொன்ன அதே அளவு உப்பு, கால் மணி நேரம். சுரண்ட மாட்டேன். நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் வாஸ்லின். செதில் இளகி, டாக்டர் கொடுத்த களிம்பு நன்றாக இறங்குகிறது. வெடிப்பு இருக்கும் நாளில் உப்பைத் தொடவே மாட்டேன், எரிச்சலில் உயிர் போகும். அண்ணனுக்கு சர்க்கரை இல்லையென்றால் அவர் காலுக்கு இது செய்து பார்க்கலாம். விரலுக்கு இல்லை.

அம்மான்வாசி

யாராவது நேரில் வர நினைத்தால் ஒரு வார்த்தை. இரண்டு நாள் டூரில் வந்து சேற்றைப் பூசிப் படம் எடுத்துப் போனால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. சிகிச்சை என்றால் நாலு வாரம் வரை கணக்கு, டாக்டர் மேற்பார்வையில் வெயில் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். கோடையில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை

அண்ணனிடம் பதிவுகளைக் காட்டிவிட்டேன். பைக் மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டார். மதுரையில் மூட்டு வாத நிபுணரிடம் அடுத்த வாரம் நேரம் கிடைத்திருக்கிறது. போகும்போது என்னென்ன கொண்டுபோக வேண்டும்? ஏற்கெனவே குடித்துவரும் கஷாயத்தைப் பற்றிச் சொன்னால் திட்டுவார்களோ என்று பயப்படுகிறார்.

தோல்டாக்டர் நிலா

திட்டினாலும் சொல்லச் சொல்லுங்கள். கொடுக்கப்போகும் மாத்திரைகள் கல்லீரலைப் பார்த்துக் கொடுக்க வேண்டியவை, கஷாயம் தெரியாமல் இருந்தால் ரத்த அறிக்கை குழப்பும். பழைய தோல் சீட்டுகள், பூசிய களிம்புகளின் பெயர், எடுத்த ரத்தப் பரிசோதனைகள், வீக்கம் அதிகமாக இருந்த நாளில் எடுத்த விரல் படம், நகத்தின் படம். நகத்துக்கு மருதாணி வைத்திருந்தால் படம் எடுக்கும் முன் அது போகட்டும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும், குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், மாத்திரைத் தேர்வே அதைப் பொறுத்து மாறும்.